எரித்தான் என்றே இருக்கட்டும்

பேராசிரியரிடமிருந்து திரும்பி வந்த தாள்கட்டை ஒற்றக்கா பிரித்தாள். மூன்றாம் அத்தியாயம் முழுவதும், பக்கத்துக்குப் பக்கம், மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. இருபத்திரண்டு பக்கம், இருபத்திரண்டு கோடு. கை நடுங்கிப் போட்ட கோடுகள் அல்ல. அளவுகோல் வைத்து நிதானமாக இழுத்தவை. அந்த அளவுகோலை நினைத்தபோதுதான் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது.

ஒற்றக்கா என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. பாடநூல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்தாறு வருஷமாகப் பதிப்பாசிரியராக இருப்பவள். எழுதியவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் ஒரு 'க்' விட்டுப்போனால், ஒரு 'ப்' கூடிப்போனால், கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பிடி பிடித்துவிடுவாள். ஒற்றெழுத்துக்காக இப்படி உயிரை விடுகிறாளே என்று கணினியில் பக்கம் அமைக்கும் பெண் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவளும் "என்ன?" என்று திரும்பப் பழகிவிட்டாள்.

"என்னக்கா, முகம் இப்படிச் சிவந்திருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"இதைப் பாரு. மனுஷன் அத்தியாயத்தைக் கழுத்தோட வெட்டியிருக்காரு."

ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடத்துக்காக ஒரு பழைய காப்பியத்தை உரைநடையாக எழுதும் பொறுப்பு அவளுக்குத் தரப்பட்டிருந்தது. ஒன்றரை வருஷ உழைப்பு. காப்பியத்தின் கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு குறுநிலத் தலைவன், இளவயது. ஒருநாள் துறைக்கு வந்தவனை முதல் படகில் ஏற்றாமல் காக்க வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் துறையிலிருந்த படகுகளையெல்லாம் எரித்துவிட்டான். ஒரு படகுக்குள் சிறுமி ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். படகு செப்பனிடும் பெண்ணின் ஒரே மகள்.

அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்பதுதான் காப்பியமே. முதலில் பொய் சொல்கிறான், காற்றால் பரவிய தீ என்று. பிறகு அந்தத் தாய்க்குப் பொன் அனுப்புகிறான். அவள் அதை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள். பிறகு தலையை மழித்துக்கொண்டு, முடியைத் துறந்து, ஊரே கூடி அழ, துறவியாகப் புறப்படுகிறான். கூட்டத்தில் நின்ற அந்தத் தாய் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில்தான் அவனுக்கு முதன்முதலாகச் சுருக்கென்று தைக்கிறது. ஊரைவிட்டுப் போகாமல் திரும்புகிறான், அவளுடைய துறையிலேயே எடுபிடியாகச் சேர்ந்து படகு செப்பனிடக் கற்றுக்கொள்கிறான். பன்னிரண்டு வருஷம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவே இல்லை. கடைசிப் பாட்டில் ஒரு படகின் பழுதைக் காட்டி, "இதை நீ பார்" என்கிறாள், அவ்வளவுதான்.

எழுதியவன் தன் நாயகனை ஓர் அங்குலம்கூடத் தப்பிக்கவிடவில்லை. ஒற்றக்காவுக்கு அந்தக் காப்பியம் பிடித்ததே அதனால்தான்.

பேராசிரியரின் சிவப்பு மை அவனைத் தப்பிக்கவிட்டுவிட்டது. மூன்றாம் அத்தியாயத்துக்குப் பதிலாக ஓரத்தில் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார்: 'அன்று காற்று பலமாக வீசியது. துறையில் இருந்த படகுகள் எரிந்தன.' பின்னால் வரும் அத்தியாயங்களிலும் துறவை மட்டும் விட்டுவைத்து மற்றதை அடித்திருந்தார். அந்தத் துயரத்தைக் கண்டு மனம் கசிந்து தலைவன் துறவு பூண்டான், சுபம். படகு செப்பனிடுபவள் என்று ஒருத்தியே இல்லை. அவளுக்கு மகளும் இல்லை.

மறுநாள் காலை பேராசிரியரே அலுவலகத்துக்கு வந்தார். பாடநூல் குழுவின் தலைவர் அவர். ஓய்வுபெற்ற பிறகும் மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு.

"உட்காருங்கம்மா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு தெரியும். பதினாலு வயசுப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம். நாயகனைப் பாத்து, நாமளும் இவனை மாதிரி இருக்கணும்னு அதுங்களுக்குத் தோணணும். இவன் என்னடான்னா மூணாவது அத்தியாயத்துலயே கொலைகாரனா நிக்கிறான்."

"அவன் கொலைகாரன்தான் ஐயா. அதனாலதான் மத்த ஒன்பது அத்தியாயமும் இருக்கு."

"பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். நான் பதில் சொல்றேன். நீங்க இதுக்குப் பதில் சொல்லுங்க. காத்து பலமா வீசுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது யார் சொன்னது தெரியுமா? கதையில அவன் சொல்ற பொய் அது! எழுதினவன் அவன் வாயில வச்ச பொய்யை, நீங்க எடுத்துப் புத்தகத்தோட வாயில வச்சுட்டீங்க."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துறவு இருக்கேம்மா. அதை நான் தொடலையே. கதையோட உச்சமே அதுதானே?"

"அது உச்சம் இல்லை ஐயா, வேஷம்! மொட்டை அடிச்சுட்டு நாலு பேர் பாக்க அழுதுட்டுப் போறான். அதைப் பாத்து அந்தப் பொம்பளை சிரிக்கிறா. அவளைத் தூக்கிட்டீங்க, சிரிப்பும் போச்சு. இப்போ அந்த வேஷம்தான் புள்ளைங்களுக்குப் பாடம். அவன் தப்பு பண்ணின இடத்தையும் எடுத்தாச்சு, திருந்தின இடத்தையும் எடுத்தாச்சு. நடுவுல நடிச்ச இடத்தை மட்டும் பத்திரமா வச்சிருக்கீங்க."

பக்கம் அமைக்கும் பெண் கணினித் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். ஒற்றக்கா நிறுத்தவில்லை.

"எரித்தான்னு நான் எழுதினேன். எரிந்தனன்னு மாத்தினீங்க. ஒரே ஒரு சொல்லு. படகுங்க தானா எரியுமா ஐயா? ஏற்கெனவே எரிஞ்ச ஒரு பொண்ணை நீங்க இன்னொரு தடவை எரிச்சிருக்கீங்க. இந்தத் தடவை சாம்பல்கூட மிஞ்சல."

அது அளவுக்கு மீறிய பேச்சு என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. எழுந்து, "அடுத்த வாரம் வியாழக்கிழமை குழு கூடுது. அங்கே பேசிக்கலாம்" என்றார். போகிறபோது கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, மாடியில்லாத பழைய வீடு. தம்பியும் அங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறான், மருந்துக்கடை வைத்திருக்கிறான். அன்று அத்தையும் வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. அண்ணன் பெயரை எடுத்தாலே குரல் தழுதழுக்கும் அவளுக்கு.

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது முடியப்போகிறது. உறவுக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு, கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் என்று தம்பி திட்டம் போட்டிருந்தான். அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். முப்பது வருஷம் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியதற்குப் பதக்கம் வாங்கியவர். அதனால் புத்தகத்துக்குத் தம்பி வைத்திருந்த தலைப்பு 'விபத்தில்லாப் பயணம்'.

"அக்கா, படமெல்லாம் தயார். எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி. உன்னை விட்டா யாரு?" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

பதக்கத்தோடு அப்பா, பேருந்தின் படியில் அப்பா. பிறகு ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அப்பா நின்று அவளுக்குத் தலை வாரிப் பின்னுகிறார். கீழே பெரிய எழுத்தில்: 'நாற்பது ஆண்டுக் காதல்'.

"அந்த வார்த்தை நான் சொன்னது," என்றாள் அத்தை பெருமையோடு. "எந்த ஆம்பளை செய்வான் சொல்லு? தினமும் காலையில, ஒரு நாள் தவறாம! எங்க அண்ணன் மாதிரி ஒருத்தரைக் காட்டு பாப்போம்."

ஒற்றக்கா படத்தில் அம்மாவின் இடது கையைத் தேடினாள்.

அவளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அம்மாவை இடது கையில் கட்டோடுதான் பார்த்தாள். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு சொன்னார்கள். தையல் கடையில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று அம்மா சொன்னாளாம், எந்தக் கையால் தைக்கப் போகிறாய் என்று கேட்டு அப்பா அந்தக் கையைப் பிடித்து முறுக்கினாராம். எலும்பு கோணலாகவே சேர்ந்தது. அதற்குப் பிறகு அம்மாவால் அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்கவோ, அதால் எதையும் இறுக்கிப் பிடிக்கவோ முடியவில்லை. தையலும் போயிற்று, தலை பின்னுவதும் போயிற்று. கட்டுப் பிரித்த வாரம் அப்பா வளையல் வாங்கி வந்ததும், அது வீங்கிய கையில் ஏறாததும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"இந்தப் படத்துக்குக் கீழே காதல்னு போடக்கூடாது," என்றாள்.

"ஏன், வேற என்னன்னு போடணும்?" என்றான் தம்பி.

"அம்மாவால ஏன் தானே பின்னிக்க முடியலைன்னு போடணும்."

அத்தை வாயில் கை வைத்தாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? நாற்பது வருஷத்துக்கு முன்னால நடந்ததைத் தோண்டி எடுத்துட்டு! அண்ணன் அதுக்கப்புறம் ஒரு சுடுசொல் சொல்லியிருப்பாரா?"

"அதுக்கப்புறம்னு சொல்றீங்களே அத்தை, எதுக்கப்புறம்? அதைத்தான் எழுதணுங்கறேன்."

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, எனக்கு அப்போ ரெண்டு வயசு. நீ சொல்ற அப்பாவை எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிஞ்சவர் இவர்தான். எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா முழிச்சிருந்தவர். அவரை எழுது."

"இவரு எங்கேயிருந்து வந்தாருடா? வானத்துலயிருந்தா? அந்த ஆளுதான் இவரா ஆனாரு! அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குப் புரியுதா? பொறக்கும்போதே தங்கமா இருந்தாருன்னு பூசி மெழுகினா, அவர் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை? அம்மா கைக்கு என்ன மரியாதை?"

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஆணி அடித்த பலகை அது. காயை அந்த ஆணியில் குத்தி நிறுத்தி, ஒரே கையால் நறுக்குவதற்காக அப்பா செய்து கொடுத்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"வழுக்கி விழுந்தேன்னு இத்தனை வருஷமா வாயால சொல்லிட்டேன்," என்றாள். "அது கேட்டவங்க காதோட போச்சு. அச்சுல போட்டா போகாது. அதனால போடறதா இருந்தா நடந்ததைப் போடுங்க, இல்லைன்னா என் படத்தை எடுத்துடுங்க."

"அம்மா, நீயுமா?" என்றான் தம்பி.

"ஆனா பெரியவளே, ஒண்ணு. நான் மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை எழுதிடாதே. அப்படி எழுதினா உனக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்ததே வீண். நான் மன்னிக்கல. சீப்பைத்தான் கொடுத்தேன். அதுவும் அவர் மூணு மாசம் கேட்டு, நான் மூணு மாசம் மாட்டேன்னு சொல்லி, ஒருநாள் முடியை வெட்டிடலாம்னு கத்தரியை எடுத்து, அதுக்கு மனசு வராமக் கொடுத்தது."

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள், அப்பா பின்கட்டுக் கதவருகே ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. துணியைக் கொடியில் போட்டார், செருப்பை மாட்டினார், யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"போதுமா? சந்தோஷமா?" என்றாள் அத்தை.

ஒற்றக்கா தன் வீட்டுக்கு வந்தாள். ஆனால் எழுதினாள். மூன்று நாள் மதிய உணவு இடைவேளையில் உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி, இரண்டு பக்கம் எழுதி முடித்தாள். புதன்கிழமை மாலை அதை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுவது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வரிக்குக் கீழே விரலை வைத்து, வண்டி எடுக்கும் முன் பயண நேர அட்டவணையைச் சரிபார்ப்பது போலப் படித்தார். முதல் பக்கத்தின் நடுவில் விரல் நின்றுவிட்டது.

"பேனா கொடு."

கொடுத்தாள். அவளிடம் இருந்தது சிவப்புப் பேனாதான்.

அவள் எழுதியிருந்தது: 'அன்று நடந்த வாக்குவாதத்தில் அம்மாவின் இடது கை முறிந்தது.' அப்பா முதலில் 'நடந்த வாக்குவாதத்தில்' என்பதை அடித்தார்.

"வாக்குவாதம்லாம் இல்லை. அவ வாயே தொறக்கல. நான்தான் கத்தினேன்."

பிறகு 'கை முறிந்தது' என்பதை அடித்தார். மேலே, ஓட்டுநரின் பெரிய கையெழுத்தில், 'கையை நான் முறித்தேன்' என்று எழுதினார். பேனாவை மூடிக் கொடுத்தார்.

ஒற்றக்காவுக்குக் காது இரண்டும் கொதித்தன. எரிந்தன என்று ஒருவர் எழுதியதற்காக ஊரைக் கூட்டியவள். படகு தானாக எரியுமா என்று கேட்டவள். அதே வாரம், அதே கையால், கை தானாக முறிந்தது என்று எழுதியிருக்கிறாள்! மூன்று நாளில் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை படித்திருப்பாள்! ஒற்று விட்டால் உயிரை விடுகிறவளின் கண்ணில் ஒரு மனிதனே விட்டுப்போனது படவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்பா, நான் வேணும்னு..."

"தெரியும். எனக்காகத்தான் அப்படி எழுதினே." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்புறம் இன்னொண்ணு. படிக்கிறவங்க குடிச்சிருப்பான்னு நினைச்சுக்குவாங்க. குடிக்கலைன்னு போடு. நான் அன்னிக்கு நல்ல புத்தியோடதான் இருந்தேன்."

"சரிப்பா."

"தலை பின்றதைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கே. எதுக்கு? ரெண்டு வரி போதும். அதுக்கு மேல போனா விளம்பரம்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

வியாழக்கிழமை குழு கூடியது. நீள மேசை, ஐந்து உறுப்பினர்கள், நடுவில் பேராசிரியர். அவள் ஒரு வாரமாகத் தீட்டி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதை அவள் பேசவில்லை.

"போன வாரம் ஐயாகிட்ட நான் ரொம்பச் சத்தமா பேசிட்டேன்," என்று ஆரம்பித்தாள். "சத்தத்துக்கு மன்னிப்புக் கேக்கறேன். விஷயத்துக்குக் கேக்கல. நேத்து நானும் எரிந்தனன்னு ஒண்ணு எழுதிட்டேன், எனக்கு வேண்டியவர் ஒருத்தரைப் பத்தி. அதை அவரே அடிச்சுட்டு, தான் பண்ணினேன்னு எழுதினாரு. அப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இப்படி மாத்தறது கெட்டவங்க செய்யற வேலை இல்லை. பாசத்துல செய்யறோம். ஆனா யார்மேல பாசமோ அவங்களையே அது சின்னப் புள்ளையாக்கிடுது. இந்தத் தலைவன் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு மனுஷன் ஆகியிருக்கான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தை அவன்கிட்டேயிருந்து பிடுங்க நமக்கு என்ன உரிமை?"

"உணர்ச்சிவசப்பட்டுப் பேசறீங்கம்மா," என்றார் பேராசிரியர். "வகுப்பறைன்னு ஒண்ணு இருக்கு. அங்கே இதை வச்சுட்டு ஆசிரியர்கள் என்ன பண்ணுவாங்க?"

மேசைக் கோடியில் ஒருவர் அதுவரை வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர். குழுவில் ஒரு பள்ளி ஆசிரியராவது இருக்க வேண்டும் என்ற விதிக்காகச் சேர்க்கப்பட்டவர். தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்லலாமா? போன வருஷம் என் வகுப்புல ஒரு பொண்ணு, இன்னொரு பொண்ணைப் பத்திச் சுவத்துல அசிங்கமா எழுதிட்டா. எழுதப்பட்ட பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டே போயிடுச்சு. எழுதினவ இன்னும் என் வகுப்புலதான் இருக்கா. யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்கறதில்லை. நானும் நல்லவங்க கதையா சொல்லிப் பாத்துட்டேன். ஒவ்வொரு கதைக்கும் தலை இன்னும் கீழே போகுது. ஐயா, உங்க நாயகன் தப்பே பண்ணலையே. அவன் அவளுக்கு என்ன சொல்லப் போறான்?"

பேராசிரியர் காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.

"விதிவிலக்கை வச்சு..." என்று தொடங்கினார்.

"விதிவிலக்கா?" என்றார் ஆசிரியர். சாந்தமான மனிதருக்குக் குரல் உடைந்து எழுந்தது. "முப்பத்தெட்டு பேர் இருக்காங்க என் வகுப்புல. அன்னிக்குச் சுவத்தைச் சுத்தி நின்னு சிரிச்சவங்க எத்தனை பேருன்னு நினைக்கிறீங்க? ஒரு பையன், ஒரு பொண்ணு போய் அதை அழிக்கலை. நான் வந்துதான் அழிச்சேன். நல்லவங்களுக்கு மட்டும்தான் புத்தகம்னா, எனக்குப் புத்தகமே வேண்டாம்."

கை தூக்கச் சொன்னார்கள். மூன்றுக்கு இரண்டு. மூன்றாம் அத்தியாயம் இருக்கும், அந்தத் தாயும் அவள் சிரிப்பும் இருக்கும், எரித்தான் என்பது எரித்தான் என்றே இருக்கும். புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த முன்னுரையைப் பேராசிரியர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

புத்தகம் வந்தபோது அட்டையைப் பார்த்து ஒற்றக்கா மேசையில் ஓங்கி அடித்தாள். மழித்த தலையோடு, கண்ணை மூடி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு நாயகன் நிற்கிறான்! அட்டைப் படத்தைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.

"விடுங்கக்கா," என்றாள் பக்கம் அமைக்கும் பெண். "உள்ளே அந்தம்மா சிரிக்கிறாங்கல்ல? இவனைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்கன்னு புள்ளைங்க கண்டுபிடிச்சுடும்."

வீட்டுப் புத்தகத்துக்குத் தம்பி இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு நின்றான். "அந்த ரெண்டு பக்கம் இல்லைன்னா புத்தகமும் வேணாம், சாப்பாடும் வேணாம்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தலைப்பையும் அடிக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் தலைப்பே இல்லாமல், அட்டையில் அப்பா படம் மட்டும் போட்டு வந்தது அது.

சாப்பாட்டு நாளில் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். புத்தகத்தை வாங்கியவர்கள் படம் பார்த்தார்கள், தங்கள் முகத்தைத் தேடினார்கள். அத்தை மட்டும் படித்தாள். படித்து முடித்ததும் நேராக ஒற்றக்காவிடம் வந்தாள்.

"பெத்த அப்பன் மானத்தைக் கப்பலேத்திட்டியே! ஊர் முன்னால அவரை இப்படி நிக்க வச்சுட்டியே! எங்க அண்ணன் உனக்கு என்னடி குறை வச்சாரு?"

"அதை எழுதினது நான்தான், அவளைத் திட்டாதே," என்றார் அப்பா. அத்தை கேட்கிற நிலையில் இல்லை.

"குடும்பம்னா நாலும் இருக்கும். அதையெல்லாம் மூடி மறைச்சுக் காப்பாத்தறவதான் பொம்பளை. அண்ணி காப்பாத்தினாங்க இத்தனை வருஷமா. நீ வந்து..."

"நான் எதைக் காப்பாத்தினேன்?" என்றாள் அம்மா.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அம்மா அப்படி எழுந்து ஒற்றக்கா பார்த்ததில்லை.

"அன்னிக்கு முதல்ல எங்கே ஓடினேன் தெரியுமா? உன் வீட்டுக்கு. ரெண்டு தெரு. கை தொங்கிட்டு இருந்துச்சு. உன் வாசல்ல நின்னேன். நீ கதவைத் தொறந்தே, கையைப் பாத்தே. புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நான் வரமாட்டேன் அண்ணின்னு சொல்லிச் சாத்தினே. நல்லாப் பாத்துட்டுத்தான் சாத்தினே."

அத்தை கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "எனக்கு அப்போ... நான் சின்னவ அண்ணி. அண்ணன் வந்து சத்தம் போடுவாரோன்னு..."

"பயந்தேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். நானும்தான் பயந்தேன். ஆனா நாற்பது வருஷக் காதல்னு எழுதிக் கொடுத்தியே, அது பயமா? இவரு பண்ணினதை இவரு சொல்லிட்டாரு. இவருக்கு மூடி மறைக்க ஒண்ணும் இல்லை. நீதான் இன்னும் கதவைப் பிடிச்சுட்டு நிக்கிறே."

அத்தை கையிலிருந்த புத்தகத்தை நாற்காலியில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். சாப்பிடாமலே படியிறங்கினாள். அப்பா பதறிப்போய், தங்கையைக் கூப்பிட எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள் அம்மா. "அவ நடந்து போகட்டும். ரெண்டு தெருதானே."

பந்தி போட்டார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. எச்சில் இலைகளை எடுக்கும்போது ஒற்றக்கா அம்மாவிடம் பொறுக்காமல் கேட்டாள். "என்கிட்ட ஏம்மா ஒரு தடவைகூடச் சொல்லல? அத்தை மடியிலதான் நான் வளர்ந்தேன். இத்தனை வருஷம் அவங்க கையால வாங்கிச் சாப்பிட்டிருக்கேன்."

"கை எப்படிம்மா போச்சுன்னுதான் நீ எப்பவும் கேப்பே. அன்னிக்கு யார்கிட்ட போனேம்மான்னு நீ கேட்டதே இல்லை."

அவளுக்கு அம்மாமீதும் கோபம் வந்தது, தன்மீதும் வந்தது. அத்தைமீது வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அது வெகுநாள் தணியவில்லை.

ஏழாவது வாரம் அத்தை வந்தாள். கூடத்தில் உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். அழுதுகொண்டு வரவில்லை, பலகாரப் பையும் கொண்டுவரவில்லை. அம்மா எழுந்து போய், அவளைப் பார்த்தபடி, கதவின் மறுபாதியையும் திறந்து வைத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஒற்றக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் கோபத்தோடுதான். அத்தை சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றினாள்.